7,721 முதல் 146,679 வரை: எங்கள் இழப்பின் எண்கள் எப்படி உருவாகின்றன?

ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படும் நாட்களில் எண்களும் கூடவே வந்துவிடுகின்றன. 7,721 என்கிறது ஐக்கிய நாடுகளின் உள்ளக ஆவணம் ஒன்று. அரசாங்கத்தின் கணக்கெடுப்பு சுமார் 9,000 என்கிறது. ஜெனீவாவில் 40,000 என்று பேசப்படுகிறது. ஐ.நா.வின் இன்னொரு அறிக்கையில் 70,000 வருகிறது. எங்கள் பதாகைகளில் 146,679 என்று எழுதியிருக்கும். பிறகு முகநூலில் சண்டை தொடங்கும். சிறிய எண்ணைச் சொல்பவர் துரோகி ஆகிறார், பெரிய எண்ணைச் சொல்பவர் புளுகர் ஆகிறார்.

இந்த ஐந்தும் ஒரே கேள்விக்கான ஐந்து விடைகள் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் சண்டை போடுகிறோம். உண்மையில் இவை வெவ்வேறு கேள்விகளுக்கு, வெவ்வேறு வழிகளில் பெறப்பட்ட விடைகள். ஒன்று எண்ணியது. ஒன்று கழித்துப் பெற்றது. இன்னொன்று விகிதம் போட்டுப் பார்த்தது. இதில் எதற்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அறிய நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் கொஞ்சம் தேவைப்படுகின்றன. க.பொ.த. சாதாரண தரக் கணிதம் போதும். அதற்கு மேல் இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை.

பிள்ளையை இழந்த தாய்க்கு இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். 2009ஆம் ஆண்டின் ஆரம்பத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். வன்னிக்குள் 70,000 பேரளவிலேயே இருக்கிறார்கள் என்று அரச தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. ஐ.நா. 250,000 என்றது. எத்தனை பேர் என்ற எண்ணை வைத்துத்தான் எத்தனை தொன் அரிசி, எத்தனை பெட்டி மருந்து என்பது தீர்மானிக்கப்படும். ஜூலை மாதம் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து பதிவானவர்கள் மாத்திரம் 282,380 பேர். எண் பிழைத்தால் சட்டிக்குள் சோறு இருக்காது என்பதை வன்னியில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எண்ணியது

7,721 என்ற எண் ஐ.நா.வின் இலங்கை அலுவலகம் சேர்த்த தகவல்களிலிருந்து வந்தது. 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை கொல்லப்பட்டோர் 7,721, காயமடைந்தோர் 18,479. இந்த ஆவணத்தை ஐ.நா. அப்போது பகிரங்கமாக வெளியிடவில்லை. மே 13இற்குப் பிறகு எண்ணுவதே இயலாமல் போய்விட்டது. ஆகவே கடைசி ஐந்து நாட்கள் இந்த எண்ணுக்குள் இல்லை.

அந்த ஐந்து நாட்களை விட்டாலும், எண்ணியதற்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரு மரணம் பட்டியலுக்குள் வரவேண்டுமானால் பல காரியங்கள் நடக்கவேண்டும். அதை ஒருவர் கண்டிருக்கவேண்டும். கண்டவர் உயிரோடு இருக்கவேண்டும். வைத்தியசாலைக்கோ, பாதிரியாருக்கோ, தொண்டு நிறுவனப் பணியாளருக்கோ தகவல் போகவேண்டும். அங்கிருந்து அது வெளியே வரவேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிகழ்தகவு உண்டு. ஷெல்லடி கூடும்போது மரணம் கூடும், அதே வேளை இந்த நிகழ்தகவுகள் எல்லாம் குறையும்.

ஒரு கற்பனைக் கணக்குப் பார்ப்போம். அமைதியாக இருந்த ஒரு நாளில் 10 பேர் இறந்து 8 பேர் பதிவாகிறார்கள். கடும் தாக்குதல் நடந்த நாளில் 100 பேர் இறந்து 20 பேர் மட்டும் பதிவாகிறார்கள். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 8 என்பது 20 ஆனதாகத் தெரியும், இரண்டரை மடங்கு. உண்மையில் கூடியது பத்து மடங்கு. பட்டியல் பொய் சொல்லவில்லை. அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் உண்மை. ஆனாலும் அந்தப் பட்டியலின் வடிவம் போரின் வடிவமாக இருக்காது. எண்ணிய எண்ணுக்கு முன்னால் எப்போதும் ‘குறைந்தது’ என்ற சொல்லைப் போட்டு வாசிப்பதுதான் முறை.

தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் 2011ஆம் ஆண்டு வட மாகாணத்தில் நடத்திய கணக்கெடுப்பும் எண்ணியதுதான். இறுதிக் கட்டத்தில் சுமார் 9,000 பேர் இறந்ததாக அது செய்தியானது. அங்கே வழி வேறு. ஓர் உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கு வந்து, உங்கள் குடும்பத்தில் யார் இறந்தார்கள் என்று கேட்கிறார். இப்படிக் கேட்கும்போது பதில் சொல்ல ஒருவராவது மிஞ்சியிருக்கவேண்டும். ஒரே பங்கருக்குள் முழுக் குடும்பமும் முடிந்துபோன வீட்டில் யார் கதவைத் திறப்பது? அப்படிப்பட்ட குடும்பத்துக்கு இந்தக் கணக்கெடுப்பில் சேரும் நிகழ்தகவு பூச்சியம். நாட்டை விட்டுப் போன குடும்பங்களுக்கும் கிட்டத்தட்ட அதுவே. இன்னும் ஒன்று: கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட மகன் எங்கே இறந்தான் என்பதை, போர் முடிந்து இரண்டே வருடத்தில், அரசாங்கப் படிவத்தோடு வந்து நிற்பவரிடம் எத்தனை தாய்மார் சொல்லியிருப்பார்கள்? இவை தற்செயலான விடுபடல்கள் இல்லை, ஒரே பக்கமாகச் சாயும் விடுபடல்கள். புள்ளிவிபரவியலில் இதற்குச் சாய்வு என்று பெயர். தற்செயலான பிழையை அதிகம் பேரிடம் கேட்டுக் குறைக்கலாம். சாய்வை அப்படிக் குறைக்கமுடியாது. இரண்டு மடங்கு வீடுகளுக்குப் போனாலும் மூடிய கதவு மூடியபடியேதான் இருக்கும்.

கழித்தது

146,679 என்ற எண்ணை மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தோர் 429,059. அவர்களில் 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்பதே அவருடைய கோரிக்கை. அரசாங்கத்தின் சொந்த ஏட்டிலிருந்து எடுத்த ஓர் எண்ணையும் ஐ.நா.வின் தகவலிலிருந்து எடுத்த இன்னோர் எண்ணையும் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னாலேயே வைத்த அந்தக் கேள்வியின் துணிவு பெரியது. அது இன்றுவரை விடை பெறாத கேள்வி.

ஆனால் பிறகு வந்த நாங்கள் அந்தக் கேள்வியை விடையாக மாற்றிவிட்டோம். ‘கணக்கில் வராதோர்’ என்று அவர் சொன்னது, பகிரப்படப் பகிரப்படக் ‘கொல்லப்பட்டோர்’ ஆகிவிட்டது.

கழித்தலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண் ஒன்றைப் பெறும்போது, பெரிய எண்களில் உள்ள சின்னப் பிழை முழுவதும் அந்தச் சிறிய எண்ணின் தலையில் விழும். கச்சேரிக் கணக்கில் 5 வீதம் மட்டும் பிழை என்று வைத்துக்கொள்வோம். இடம்பெயர்ந்த குடும்பம் இரண்டு விதானைமாரிடம் பதிந்திருக்கலாம், நிவாரண அட்டையில் ஊரை விட்டுப் போனவரின் பெயர் அப்படியே இருந்திருக்கலாம், மறுபுறம் பதியாமலே இருந்தவர்களும் உண்டு. 429,059இல் 5 வீதம் 21,453. ஆகவே விடை 125,226 ஆகவும் இருக்கலாம், 168,132 ஆகவும் இருக்கலாம். ஐந்து வீதப் பிழை விடையில் ஏறத்தாழ பதினைந்து வீதமாக ஊதிவிட்டது. வந்து சேர்ந்தோர் கணக்கிலுள்ள பிழையை நாம் இன்னும் தொடவே இல்லை.

கடைசி இலக்கம் வரை எழுதப்பட்ட எண் துல்லியமான எண் போலத் தோன்றும். 146,679இன் முடிவில் வரும் 679 அந்த மாயையைத் தருகிறது. அது கழித்தலின் துல்லியம்தான், அறிவின் துல்லியமில்லை. இப்படிச் சொல்வதால் அந்தக் கேள்வி பலவீனமடைவதாக நான் நினைக்கவில்லை. 125,000 என்று எடுத்தாலும் அது ஒரு முழு நகரத்துக்குச் சமமான சனம்.

40,000இன் கதை வேறு. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, அதாவது நாங்கள் தருஸ்மன் அறிக்கை என்று சொல்லும் 2011ஆம் ஆண்டு அறிக்கை, 40,000 பேர் கொல்லப்பட்டார்கள் என்று எழுதவில்லை. நம்பகமான எண் எதுவும் இல்லை, ஆனால் 40,000 வரையான பொதுமக்கள் மரணங்களை இந்தக் கட்டத்தில் நிராகரிக்கமுடியாது என்ற பொருளில்தான் எழுதியது. கொல்லப்பட்ட ஒருவருக்குக் காயமடைந்தோர் இருவர் அல்லது மூவர் என்ற விகிதத்தையும் அந்த அறிக்கை குறிப்பிடுகிறது. விகிதக் கணக்கில் இந்த ‘அல்லது’ பெரிய விளையாட்டு விளையாடும். 30,000 பேர் காயமடைந்திருந்தால் ஒரு விகிதப்படி இறந்தோர் 15,000, மற்றதன்படி 10,000. 2012இல் வந்த பெட்ரி அறிக்கையின் 70,000உம் ‘கணக்கில் வராதோர்’ பற்றியதே. ‘வரை’, ‘நிராகரிக்கமுடியாது’, ‘கணக்கில் வராதோர்’ ஆகிய மூன்று சொற்களும் செய்தித் தலைப்புக்குள் நுழையும்போது உதிர்ந்துபோகின்றன. தலைப்பில் இடம் இல்லை என்பது எங்கள் தொழிலின் பழைய சாட்டு.

பட்டியலில் இல்லாதவரை மதிப்பிடுவது

எண்ணியதில் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அறிய ஏதாவது வழி உண்டா? உண்டு. அதன் அடிப்படை நாங்கள் நினைப்பதை விட எளிமையானது. 1949இல் இந்தியப் புள்ளிவிபரவியலாளர் சந்திரசேகர், அமெரிக்கரான டெமிங் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவுக்கு அருகே சிங்கூர் பகுதியில் பிறப்பு, இறப்புப் பதிவேடு ஒன்று இருந்தது. தனியாக வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதிய பட்டியலும் இருந்தது. இரண்டிலும் விடுபட்டோர் எத்தனை பேர் என்பதை, இரண்டும் எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பதிலிருந்து அவர்கள் மதிப்பிட்டார்கள்.

கற்பனையான ஒரு கிராமத்தை எடுப்போம். தேவாலயத்தில் வைத்திருக்கும் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் 60 பெயர். தாய்மார் சங்கத்தின் பட்டியலில் 80 பெயர். இரண்டிலும் உள்ள பெயர் 30. ஆக, நாம் அறிந்த மொத்தப் பெயர் 60உம் 80உம் கூட்டி 30ஐக் கழித்தால் 110.

இப்போது தேவாலயப் பட்டியலை ஒரு சோதனைக் கருவியாகப் பாருங்கள். அதிலுள்ள 60 பேரில் 30 பேரைச் சங்கமும் பிடித்திருக்கிறது, அதாவது பாதி. சங்கம் தேவாலயத்துக்குத் தெரிந்தவர்களில் பாதியைப் பிடித்தது என்றால், தெரியாதவர்களிலும் பாதியைத்தான் பிடித்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். சங்கத்தின் 80 பேர் மொத்தத்தில் பாதி என்றால் மொத்தம் 160. நாம் அறிந்தது 110. ஆகவே எந்தப் பட்டியலிலும் இல்லாதோர் ஏறத்தாழ 50 பேர். சூத்திரமாகச் சொன்னால் 60ஐ 80ஆல் பெருக்கி 30ஆல் வகுப்பது.

பொதுப்பெயர்கள் நிறைய இருந்தால் இரண்டு பட்டியலும் கிட்டத்தட்ட எல்லோரையும் பிடித்துவிட்டன என்று பொருள். பொதுப்பெயர்கள் குறைவாக இருந்தால் வெளியே இன்னும் பலர் இருக்கிறார்கள். அதே கிராமத்தில் 30இற்குப் பதிலாக 10 பெயர்தான் பொது என்றால் மதிப்பீடு 480 ஆகிவிடும்.

கேட்க மாயம் போல இருக்கும். மாயத்துக்கு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, ஒரே ஆளை ஒரே ஆள் என்று கண்டுபிடிக்கவேண்டும். எங்கள் பெயர்களோடு இது இலேசான வேலையில்லை. ஒரு பட்டியலில் ‘சி. சிவகுமார்’, இன்னொன்றில் ‘சின்னத்தம்பி சிவகுமாரன்’, ஆங்கிலத்தில் எழுதிய மூன்றாவதில் வேறொரு எழுத்துக்கூட்டல், நாலாவதில் இயக்கப் பெயர். பொருந்தவேண்டிய 30 பேரில் 10 பேரைப் பொருத்தத் தவறினால் பொது 20 ஆகும், மதிப்பீடு 160இலிருந்து 240இற்குப் பாயும். இல்லாத எண்பது பேரை நாமே உருவாக்கிவிடுவோம்.

இரண்டாவது நிபந்தனை இன்னும் நுட்பமானது. ஒரு பட்டியலில் சேர்வதும் மற்றதில் சேர்வதும் ஒன்றையொன்று பாதிக்காமல் இருக்கவேண்டும், எல்லோருக்கும் சேரும் வாய்ப்புச் சமமாக இருக்கவேண்டும். நடைமுறையில் அப்படி இருப்பதில்லை. பட்டணத்தில் இருப்பவர் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடமும் போவார், ஆணைக்குழுவிடமும் போவார், சங்கத்திலும் பதிவார். உட்கிராமத்தில் கால் ஊனமுற்ற கணவனோடும் மூன்று பிள்ளைகளோடும் இருப்பவர் எங்கேயும் போயிருக்கமாட்டார்.

இதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். பட்டணத்தில் 100 பேர் காணாமல் போயிருக்கிறார்கள், உட்கிராமங்களில் 100 பேர். பட்டணத்தில் ஒவ்வொரு பட்டியலும் 60 பேரைப் பிடிக்கிறது, பொதுவாக 36 பேர். உட்கிராமங்களில் ஒவ்வொன்றும் 10 பேரையே பிடிக்கிறது, பொதுவாக ஒருவர். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால் 70ஐ 70ஆல் பெருக்கி 37ஆல் வகுக்கவேண்டும், 132 வரும். உண்மை 200. காணாமல் போன 68 பேர் கணக்குக்குள்ளேயே இரண்டாம் முறை காணாமல் போகிறார்கள். பட்டணத்தையும் கிராமத்தையும் பிரித்துக் கணக்கிட்டால் இரண்டும் நூறு நூறாக வந்து 200 கிடைக்கும்.

ஆனால் கிராமப் பக்கத்தில் பொதுப்பெயர் ஒன்றே ஒன்றுதான். தற்செயலாக அது இரண்டாக இருந்திருந்தால் மதிப்பீடு 50 ஆகியிருக்கும். பூச்சியமாக இருந்திருந்தால் கணக்கே போடமுடியாது. தகவல் குறைந்த இடத்தில் மதிப்பீடு இப்படித்தான் ஆடும். அந்த ஆட்டத்தை மறைக்காமல் எழுதிக்காட்டுவதற்குத்தான் புள்ளிவிபரவியலாளர்கள் ஒற்றை எண்ணோடு ஓர் இடைவெளியையும் தருகிறார்கள்.

பெருவில் நடந்தது

இந்த முறை போரின் உயிரிழப்புக்குப் பயன்பட்ட மிகப் பெரிய உதாரணங்களில் ஒன்று தென்னமெரிக்காவின் பெரு. 1980 முதல் 2000 வரை ‘ஒளிரும் பாதை’ என்ற கிளர்ச்சி இயக்கத்துக்கும் அரச படைகளுக்கும் இடையே நடந்த மோதலை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2003 ஓகஸ்டில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. சுமார் 17,000 சாட்சியங்களை அது பதிவுசெய்திருந்தது. அதன் பட்டியலையும், மக்கள் காப்பாளர் அலுவலகத்தின் பட்டியலையும், மனித உரிமை அமைப்புகளின் பட்டியல்களையும் பொருத்திப் பார்த்தபோது பெயரோடு கிடைத்தவர்கள் 24,000 அளவில். பட்டியல்களுக்கு இடையிலான பொருத்தத்தைப் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரித்துக் கணக்கிட்டபோது வந்த மதிப்பீடு 69,280. இடைவெளி 61,007 முதல் 77,552 வரை.

இறந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா முதலிய பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், அந்தீஸ் மலைப்பகுதியின் ஏழை விவசாயிகள். தலைநகர் லீமாவின் மொழி ஸ்பானியம். மலையில் செத்தவர்கள் தலைநகரின் பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை.

அந்த 61,007 முதல் 77,552 வரை என்பதற்கு 95 வீத நம்பிக்கை இடைவெளி என்று பெயர். இந்தப் பெயரைத் தவறாகப் புரிந்துகொள்வது இலகு. இதே முறையில் மீண்டும் மீண்டும் தரவு திரட்டி நூறு முறை இடைவெளி போட்டால் அவற்றில் 95 அளவிலான இடைவெளிகளுக்குள் உண்மையான எண் அகப்படும் என்பதே அதன் பொருள். ‘இவர்களுக்கே நிச்சயமில்லை, ஆகவே எல்லாம் ஊகம்’ என்று இடைவெளியைக் காட்டி எள்ளி நகையாடும் அரசியல்வாதிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இடைவெளியின் கீழ் எல்லையான 61,007 கூடப் பெயர் கிடைத்தவர்களை விட இரண்டரை மடங்கு என்பதை அவர்கள் சொல்வதில்லை.

கதை அங்கே முடியவில்லை. 2019இல் சில்வியோ ரென்டோன் என்ற பொருளியலாளர் அதே தரவை வேறு விதமாகக் கணக்கிட்டு 48,000 என்ற மதிப்பீட்டுக்கு வந்தார். எந்தத் தரப்பு அதிகம் கொன்றது என்பதிலும் அவருடைய முடிவு ஆணைக்குழுவின் முடிவோடு முரண்பட்டது. முதல் மதிப்பீட்டில் பங்காற்றிய பட்ரிக் போல் உள்ளிட்டோர் அதே ஆய்விதழில் பதில் எழுதினார்கள். கவனியுங்கள், 48,000 பழைய இடைவெளிக்கு வெளியே நிற்கிறது. நம்பிக்கை இடைவெளி தற்செயலால் வரும் ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது, எடுத்துக்கொண்ட நிபந்தனைகள் பிழைத்தால் வரும் தவறு அதற்குள் வராது. இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த விடயம், இரண்டு தரப்பும் ஒரே பட்டியல்களை மேசையில் வைத்துக்கொண்டு வாதிட்டதுதான். யார் துரோகி என்ற பேச்சு அங்கே தேவைப்படவில்லை.

எங்கள் மண்ணிலும் இந்த முறை ஒருமுறை பயன்பட்டிருக்கிறது. 2018 டிசம்பரில் பட்ரிக் போலும் ஊடகவியலாளர் பிரான்சஸ் ஹரிசனும், 2009 மே 17, 18, 19 ஆகிய மூன்று நாட்களில் இராணுவத்திடம் சென்று காணாமல் ஆக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று ஆராய்ந்தார்கள். வெவ்வேறு தரப்பினர் தொகுத்த பெயர்ப்பட்டியல்களைப் பொருத்திப் பார்த்து வந்த மதிப்பீடு சுமார் 500 பேர். இது போரின் மொத்த இழப்பு பற்றிய எண் என்று வாசித்துவிடக்கூடாது. மூன்று நாள், ஒரே வகைச் சம்பவம், அவ்வளவுதான். கேள்வியைச் சுருக்கியதால்தான் அதற்கு உறுதியான விடை கிடைத்தது.

ஆறு எலும்புகள்

மதிப்பீட்டின் இன்னொரு முகம் மாதிரி எடுப்பது. அதைப் பேச மன்னாருக்குப் போகவேண்டும். 2018இல் சதொச கட்டட வளாகத்தில் தோண்டியபோது 300இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றிலிருந்து ஆறு எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: கி.பி. 1404இற்கும் 1635இற்கும் இடைப்பட்ட காலம். பல குடும்பங்களுக்கு அது ஒரே மூச்சில் ஆறுதலாகவும் இடியாகவும் இருந்தது.

அந்த ஆறு எலும்புகளைப் பற்றிச் சந்தேகப்படக் காரணமில்லை. 1950களில் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகள் வளிமண்டலக் கார்பனில் விட்ட அடையாளத்தால், அண்மைக்காலத்தில் வாழ்ந்தவரின் எலும்பையும் நானூறு வருடப் பழைய எலும்பையும் இந்தச் சோதனை குழப்பிக்கொள்வது அரிது. கேள்வி, ஆறிலிருந்து முந்நூறுக்கு எப்படித் தாவுவது என்பதுதான்.

எலும்புக்கூடுகளில் பத்தில் ஒரு பங்கு அண்மைக்காலத்தவை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் எலும்பு பழையதாக இருக்கும் நிகழ்தகவு 0.9. ஆறும் பழையதாக இருக்கும் நிகழ்தகவு 0.9ஐ ஆறு தடவை பெருக்கினால் வரும் 0.53. அதாவது அண்மைக்கால எலும்புகள் முப்பது அங்கே கிடந்தாலும், ஆறு மாதிரி மட்டும் எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் ஒன்றும் அகப்படாது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் தவறவிடும் வாய்ப்பு 26 வீதம். பாதி என்றால் 2 வீதத்துக்கும் குறைவு. ஆகவே ஆறு மாதிரிகளும் பழையவை என்பதைக் கொண்டு ‘இங்கு கிடப்பவற்றில் பெரும்பாலானவை அண்மைக்காலத்தவை’ என்ற கருத்தை உறுதியாக மறுக்கலாம். ‘ஒன்றுகூட அண்மைக்காலத்தது இல்லை’ என்று சொல்ல அது போதாது. பத்தில் ஒரு பங்கைக்கூடத் தவறவிடக்கூடாது, அதற்கு 95 வீத உறுதி வேண்டும் என்றால் 29 மாதிரிகள் தேவை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே மண்படையில் புதைக்கப்பட்டார்கள் என்று தொல்லியலாளர்கள் காட்டமுடியுமானால் ஆறு மாதிரியே ஏராளம், ஒன்று கூடப் போதும். அப்போது அவை தனித்தனியான முந்நூறு கேள்விகள் இல்லை, ஒரே கேள்வி. ஆகவே, மாதிரிகளை எந்த மண்படைகளிலிருந்து, எப்படித் தெரிவுசெய்தீர்கள் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி. 2025இல் செம்மணி சிந்துபாத்தியில் 200இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்த பிறகு காலக்கணிப்பு பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. அங்கே ஆய்வுகூடத்தின் பெயரைக் கேட்கும் அளவுக்கு மாதிரித் தெரிவைப் பற்றியும் சட்டத்தரணிகளும் குடும்பங்களும் கேட்கவேண்டும்.

பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு

வடக்கு கிழக்கில் தேவாலயங்களிலும், சங்கங்களிலும், சில தனி ஆட்களின் அலுமாரிகளிலும் பெயர்ப்பட்டியல்கள் இருக்கின்றன. பலருக்கு வரும் முதல் யோசனை, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய பட்டியலாக்குவது. அது நல்ல யோசனைதான், ஆனால் சேர்க்கும்போது எந்தப் பெயர் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்ற குறிப்பை அழித்துவிட்டால் மேலே சொன்ன கணக்கு ஒன்றையும் பிறகு யாராலும் செய்யமுடியாது. இரண்டு பட்டியலிலும் இருக்கும் பெயரை ‘இரட்டிப்பு’ என்று வெட்டி எறிகிறோமே, அந்த இரட்டிப்புத்தான் பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றி நமக்குச் சொல்லும் ஒரே சாட்சி.

ஆகவே மூலப் பட்டியல்களைத் தொடாமல் பிரதி எடுத்து வையுங்கள். பெயரை முதலெழுத்தோடு நிறுத்தாமல் தந்தையின் முழுப் பெயரோடு எழுதுங்கள். பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கடைசியாகக் கண்ட இடம், கண்ட திகதி, கண்டவர் யார் என்பவற்றை எழுதுங்கள். இயக்கப் பெயர் தெரிந்தால் தனி நிரலில் போடுங்கள். திகதி சரியாகத் தெரியாவிட்டால் ‘மே நடுப்பகுதி’ என்று எழுதுவது, உறுதியில்லாத திகதி ஒன்றை உறுதியாக எழுதுவதை விட நல்லது. யார் இந்தத் தகவலைத் தந்தார், எந்த ஆண்டில் தந்தார் என்பதும் வேண்டும். இவை ஆபத்தான விபரங்கள் என்பதால் எங்கே வைக்கிறீர்கள், யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

ஒருவருமே மிஞ்சாத குடும்பங்களை இந்த முறைகளாலும் நேரடியாகத் தொடமுடியாது. எந்தப் பட்டியலிலும் சேரும் வாய்ப்பே இல்லாதவரைப் பட்டியல்களின் பொருத்தம் காட்டாது. அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி அயலவர்கள். உங்கள் ஒழுங்கையில், உங்கள் பங்கருக்குப் பக்கத்துப் பங்கரில் இருந்து, பிறகு ஒருவருமே வராத குடும்பம் ஒன்று நினைவிலிருந்தால் அந்தக் குடும்பத்தலைவரின் பெயரையும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். பிள்ளைகளின் பெயர் தெரியாவிட்டால் வயது போதும்.